மொய் மேசை

பட்டுக்கோட்டை கல்யாண மண்டபத்தில்
எனக்கு ஒதுக்கிய இடம் மொய் எழுதும் மேசை.
"வாசல்லயே இருக்கு மேடம்,
உங்களத் தாண்டி ஒருத்தரும் உள்ள போக முடியாது"
என்றார் ரியாசுதீன், அதிராம்பட்டினத்துக்காரர்.
ஞாயிறு கட்டற்ற மென்பொருள்,
மற்ற நாளெல்லாம் செல்போன் கடை.

முந்தின நாள் முகூர்த்தத்து அட்சதை
மேசைவிரிப்பின் மடிப்பில் கிடந்தது.
சுருளிலிருந்து பதாகையை இழுத்து நிறுத்தினேன்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
எங்கள் நிறுவனம்
என்னைக் கும்பிட்டு நிமிர்ந்தது.

தங்கப் புரவலர் என்று போட்டிருந்தார்கள்.
சமையல்கட்டிலிருந்து வந்தவர் அதைப் படித்துவிட்டு
"எத்தன பவுன்?" என்றார்.
ஐம்பதாயிரம் ரூபாய்.
இன்றைய விலைக்கு ஒரு பவுன்கூடத் தேறாது.
"அப்ப கவரிங்னு போடுங்க."
போகிறபோக்கில் திரும்பிச் சொன்னார்:
"இந்தப் பக்கம் மொய்னா
திருப்பிச் செய்யணும், தெரியும்ல?"

ஒட்டுவில்லை முந்நூறு.
சட்டை நாற்பது, எல்லாமே எக்ஸெல்.
பேச வேண்டியதைச் சென்னையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்:
நாங்கள் நம்புகிறோம்.
நாங்கள் தோள் கொடுக்கிறோம்.
இங்கே மேடையேறியவர்கள் எல்லோரும் நாம் என்றார்கள்.
நாம எழுதினது, நாமதான் திருத்தணும், நம்ம நிரல்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அலுவலகத்தில் வித்தியாசமே தெரியாமல்
ஆறு வருடம் இருந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பியபோது
எதிரில் ஒருத்தி.
கழுத்தட்டையில்: துர்க்காதேவி, சேதுபாவாசத்திரம்.
சட்டை வேண்டாம் என்றாள்.

கடைமடைக்கு எப்போது தண்ணீர் என்று
நூற்றிருபது பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறாள்,
எங்கள் சேவை வழியாக.
தமிழில் எழுதினால் எழுபதாவது இடத்தில் முறிகிறது.
முறிவதற்கும் ஒரு முறை உண்டே, அதுவும் இல்லை.
எழுத்தை விட்டுவிட்டுத் துணைக்கால் தனியே நடக்கிறது.
போன ஆவணியில் ஒரு நாள்
"தண்ணீர் வராது" என்று முடித்து அனுப்பியது
"தண்ணீர் வர" என்று போய்ச் சேர்ந்தது.
மிச்சம் மறுநாள் வந்தது.
அந்த ராத்திரி
மண்வெட்டியும் டார்ச்சுமாக மதகடியில் ஒன்பது பேர்.
"யாரும் திட்டல மேடம்.
டீ வாங்கிக் குடுத்தாங்க.
அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

புகார் கொடுத்துப் பதினோரு மாதம்.
செல்போனைத் திருப்பிக் காட்டினாள்.
மூடப்பட்டது.
எங்களால் நிகழ்த்திப் பார்க்க இயலவில்லை.
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.
மூடியவர் பெயருக்கு இருந்த இடத்தில்
ஒரு பணியாளர் எண்.

அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
கழுத்தில் தொங்குகிறது, இப்போது
அட்டையின் பின்பக்கமாகப் புரண்டு.
வெள்ளிக்கிழமை மாலை அது.
ஆங்கிலத்தில் அனுப்பிப் பார்த்தேன். முறியவில்லை.

நாங்கள் கவனிக்கிறோம் என்று வாய்வரை வந்தது.
"நான்தான் மூடினேன்" என்றேன்.
பதாகை ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து
மொய் மேசையின் இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து
மடிக்கணினியைத் திறந்தாள்.
"உங்க நம்பர் சொல்லுங்க."

வந்தவர்கள் ஒட்டுவில்லையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.
ஒரு பையன் நான்கு சட்டை எடுத்துப் போனான்.
என் செல்போன் அதிர்ந்தது: தண்ணீர் வர.
மிச்சத்துக்குக் காத்திருந்தோம்.
பந்தி போட்டுவிட்டதாக ரியாசுதீன் கூப்பிட்டார், இரண்டு தடவை.
அவள் செய்தியைப் பிரிக்கும் இடத்தைக் காட்டினாள்,
நான் எண்ணும் இடத்தைக் காட்டினேன்.
சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்தது.

இருநூறு பேர் விவரம் வாங்கிவர வேண்டிய தாளில்
ஒரே ஒரு பெயர்.

தஞ்சாவூர் பேருந்தில்
முழங்காலுக்கிடையே சுருட்டிய பதாகை.
"தூண்டிலா?" என்றார் நடத்துநர்.
ஒரத்தநாடு தாண்டும்போது செல்போன் ஒளிர்ந்தது.
புள்ளி வட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு
ஒரு துணைக்கால்.
பக்கத்தில் ஒரு து.